விவிலியம்: பிரதி, வரலாறு, அதிகாரம்

விவிலியத்தின் நம்பகத்தன்மை பற்றிய விவாதங்களில் இரண்டு குரல்கள் ஓங்கி ஒலிக்கின்றன. அதில் ஓர் எழுத்தும் மாறியதில்லை என்கிறது ஒன்று. எத்தனையோ மாறியிருப்பதால் முழுவதும் கட்டுக்கதை என்கிறது மற்றொன்று. எதிரெதிரானவை போலத் தோன்றினாலும் இரண்டும் கையில் வைத்திருப்பது ஒரே அளவுகோலைத்தான்: மாறாத பிரதியே மெய்யான பிரதி. அந்த அளவுகோலே பிழையானது என்பது நம் கருத்து.

இங்கே மூன்று கேள்விகள் பின்னிக் கிடக்கின்றன. இன்று நம் கையில் இருப்பது அன்று எழுதப்பட்டதுதானா? அன்று எழுதப்பட்டது நடந்ததுதானா? அந்நூல் மனிதர் வாழ்வின்மீது செலுத்தும் அதிகாரம் எங்கிருந்து வருகிறது? முதலாவது பிரதி பற்றியது, இரண்டாவது வரலாறு பற்றியது, மூன்றாவது நம்பிக்கை பற்றியது. ஒன்றுக்கான விடையை மற்றொன்றுக்கும் எடுத்து வழங்கும்போதுதான் குழப்பம் தொடங்குகிறது.

முதலில் பிரதி. புதிய ஏற்பாட்டு நூல்களில் எதற்கும் ஆசிரியர் கைப்பட எழுதிய மூலம் கிடைக்கவில்லை. இருப்பவை படிகளின் படிகள். கிரேக்கச் சுவடிகள் மட்டும் ஐயாயிரத்துக்கு மேல். அவற்றுள் பெரும்பாலானவை கி.பி. 9ஆம் நூற்றாண்டுக்குப் பிற்பட்டவை. மான்செஸ்டர் ரைலண்ட்ஸ் நூலகத்தில் உள்ள யோவான் நற்செய்தித் துணுக்கு உள்ளங்கையினும் சிறியது. 1935இல் வெளியிடப்பட்டபோது அது 2ஆம் நூற்றாண்டின் முற்பகுதியைச் சேர்ந்தது எனக் கணிக்கப்பட்டது. இன்னும் பிந்தியதாகவும் இருக்கலாம் என்பது பின்வந்த அறிஞர் சிலரின் எச்சரிக்கை. ஏறத்தாழ முழுமையான பெருஞ்சுவடிகள் என்றால் 4ஆம் நூற்றாண்டின் வத்திக்கான் சுவடியும் சீனாய் சுவடியும்தான் நமக்கு முதலில் கிடைப்பவை.

1707இல் ஜான் மில் என்னும் ஆங்கிலேய அறிஞர் ஏறத்தாழ 30,000 பாடபேதங்களைத் தொகுத்து வெளியிட்டபோது, வேதத்தின் அடித்தளத்தையே ஆட்டிவிட்டார் என்று கூக்குரல் எழுந்தது. அவர் பேதங்களை உண்டாக்கவில்லை. ஏற்கெனவே இருந்தவற்றைக் கண்டெடுத்தார், அவ்வளவே. பெரும்பாலானவை எழுத்துப் பிழைகள், சொல்வரிசை மாற்றங்கள், ஒரு சொல்லின் மிகுதி அல்லது குறைவு. ஏடு பார்த்துப் படியெடுக்கும் மரபை அறிந்த தமிழ் வாசகருக்கு இதில் வியப்பேதும் இராது. ஒரு நூலுக்கு ஒரே ஒரு சுவடி இருந்தால் பாடபேதமே இருக்காது. அதில் யாரேனும் கைவைத்திருந்தால் கண்டுபிடிக்கவும் வழியிருக்காது. சுவடிகள் பெருகப் பேதங்களும் பெருகும். அவற்றைச் சலித்தெடுக்கும் வழியும் பெருகும். பேதங்களின் எண்ணிக்கையை மட்டும் சொல்லி ஒரு நூலை வீழ்த்த முனைபவர் இந்த எளிய கணக்கை மறந்துவிடுகிறார்.

ஆனால் எல்லாப் பேதங்களும் அற்பமானவை என்று சமாதானம் சொல்வதும் நேர்மையாகாது. யோவானின் முதல் திருமுகம் ஐந்தாம் அதிகாரத்தில், விண்ணகத்தில் சான்று பகரும் மூவரைப் பற்றிய தொடர் ஒன்று உண்டு. 14ஆம் நூற்றாண்டுக்கு முந்தைய எந்தக் கிரேக்கச் சுவடியின் மூலபாடத்திலும் அது இல்லை. இலத்தீன் மரபின் வழியே நுழைந்தது. எராஸ்மஸ் 1516இலும் 1519இலும் வெளியிட்ட கிரேக்கப் பதிப்புகளில் அதைச் சேர்க்கவில்லை. கண்டனங்கள் எழுந்தன, அத்தொடரைக் கொண்ட புதிய சுவடி ஒன்றும் காட்டப்பட்டது. 1522இன் மூன்றாம் பதிப்பில் அது இடம்பெற்றது. அங்கிருந்து 1611இன் ஆங்கில மொழிபெயர்ப்புக்கும், பின்னர் சீர்திருத்தத் திருச்சபையினர் வாசிக்கும் தமிழின் பழைய மொழிபெயர்ப்புக்கும் வந்து சேர்ந்தது. 1995இல் வெளிவந்த தமிழ்ப் பொது மொழிபெயர்ப்பில் அது இல்லை. இரண்டையும் அருகருகே வைத்து வாசிக்கும் எளிய விசுவாசி, புதியவர்கள் எதையோ வெட்டிவிட்டார்கள் என்றே ஐயுறுவார். வெட்டியவர் எவருமில்லை, ஒட்டியதைத்தான் எடுத்திருக்கிறார்கள் என்று அவருக்குச் சொல்ல வேண்டியவர்கள் பெரும்பாலும் வாய்திறப்பதில்லை. இத்தனைக்கும் மூவொரு கடவுள் பற்றிய 4ஆம் நூற்றாண்டின் பெரும் விவாதங்களில் கிரேக்கத் தந்தையர் இத்தொடரை எடுத்தாளவே இல்லை. அது இல்லாமலேயே அக்கோட்பாடு உருவாயிற்று.

இனி வரலாறு. பிரதி செம்மையாகக் கடத்தப்பட்டது என்று நிறுவிவிட்டாலும், அதில் சொல்லப்பட்டது நிகழ்ந்தது என்று ஆகிவிடாது. மிகத் துல்லியமாகப் படியெடுக்கப்பட்ட புனைவும் புனைவே. ஆகவே நற்செய்திகளைப் பண்டைய ஆவணங்களாகக் கொண்டு, செய்தி செய்தியாகச் சோதிக்க வேண்டியிருக்கிறது. பிலாத்துவின் பெயரும் பதவியும் பொறித்த கல் 1961இல் செசரியாவில் கிடைத்தது. கிறிஸ்து என்பவர் திபேரியுவின் ஆட்சியில் பிலாத்துவால் கொல்லப்பட்டதை ரோம வரலாற்றாசிரியர் டாசிட்டஸ் குறிக்கிறார். திருத்தூதர் பணிகள் நூலில் வரும் கல்லியோ என்னும் ஆட்சியாளரின் காலத்தை டெல்ஃபி கல்வெட்டு ஏறத்தாழ கி.பி. 51-52 என நிறுத்திவைக்கிறது. இவை ஒருபுறம்.

மறுபுறம், ஏரோது மன்னனின் காலத்தில் தொடங்கும் லூக்காவின் பிறப்புக் கதை, குரேனியு சிரியாவை ஆண்டபோது எடுத்த குடிக்கணக்கோடு இயேசுவின் பிறப்பை இணைக்கிறது. ஏரோது இறந்தது கி.மு. 4இல் என்பதே பெரும்பாலோர் முடிபு. குரேனியுவின் கணக்கெடுப்போ, யோசேப்பு என்னும் யூத வரலாற்றாசிரியரின்படி கி.பி. 6இல் நிகழ்ந்தது. இடையே ஏறக்குறைய பத்தாண்டு. இதை இணைக்கச் சொல்லப்பட்ட விளக்கங்கள் பல; எதுவும் பொது ஒப்புதல் பெறவில்லை. சிலுவைச் சாவு பாஸ்கா விருந்துக்கு மறுநாளா, விருந்துக்கு முந்திய ஆயத்த நாளா என்பதில் முதல் மூன்று நற்செய்திகளும் யோவானும் ஒத்துப்போவதில்லை. இவற்றைப் பூசி மெழுகுவதால் நூலுக்குப் பெருமை சேராது. இவற்றைக் கொண்டே இயேசு என்றொருவர் வாழ்ந்ததில்லை என்று முடிகட்டுவதும் வரலாற்று முறையன்று. சாட்சிகள் நாளில் முரண்படுவதாலேயே நிகழ்ச்சி பொய்யென்று எந்த நீதிமன்றமும் தீர்த்துவிடுவதில்லை.

வரலாற்றுக்கும் ஓர் எல்லை உண்டு. இயேசு உயிர்த்தெழுந்தார் என்று அவருடைய சீடர்கள் மிகத் தொடக்கத்திலேயே நம்பினார்கள் என்பதை 50களில் எழுதப்பட்ட பவுலின் திருமுகங்கள் காட்டுகின்றன. அந்த நம்பிக்கை இருந்தது வரலாறு. நம்பியது நிகழ்ந்ததா என்பதைக் கல்வெட்டோ சுவடியோ தீர்த்துவைக்காது.

அப்படியானால் அதிகாரம் எங்கிருந்து வருகிறது? இன்று புதிய ஏற்பாட்டில் உள்ள 27 நூல்களை மட்டும், கூடாமல் குறையாமல், வரிசைப்படுத்திக் காட்டும் நமக்குக் கிடைத்த முதற்பட்டியல் அத்தனாசியு 367இல் எழுதிய மடலில் இருக்கிறது. அதற்கு முன்பே திருச்சபை இருந்தது, வாசித்தது, விவாதித்தது, சிலவற்றை ஏற்றது, சிலவற்றை விலக்கியது. நூலின் அதிகாரம், தலைமுறை தலைமுறையாக அதை வாசித்துத் தன்னைத் திருத்திக்கொள்ளும் ஒரு சமூகத்தின் ஏற்பில் வேர்கொண்டது. அதற்கு வரலாற்றுத் துறையின் நற்சான்றிதழைக் கேட்டு நிற்பது நம்பிக்கையின் வலிமையைக் காட்டாது. அதன் பதற்றத்தையே காட்டும்.

விபசாரத்தில் பிடிபட்ட பெண்ணின் கதையை எடுத்துக்கொள்வோம். முதற்கல்லை எறிவது யார் என்று கேட்டு ஒரு கொலைக்கூட்டத்தைக் கலைத்த அந்தப் பன்னிரண்டு வசனங்கள் வத்திக்கான் சுவடியில் இல்லை, சீனாய் சுவடியில் இல்லை, அவற்றினும் பழைய பப்பைரஸ் ஏடுகளிலும் இல்லை. பிற்காலச் சுவடிகள் சிலவற்றில் அது லூக்காவில் போய் அமர்ந்திருக்கிறது. பெண்களுக்குத் துணிவு கொடுத்துவிடும் என்று அஞ்சிய சிலர் அதை நீக்கிவிட்டதாக அகுஸ்தீன் கருதினார். இன்றைய அறிஞர் பெரும்பாலோர் அது யோவான் எழுதியதன்று என்கின்றனர். மிகப் பழைய வாய்மொழி மரபாக இருக்கலாம் என்பாரும் அவருள் உளர்.

என்ன செய்வது? நீக்கிவிடுவதா, மறைத்துவிடுவதா? இரண்டும் வேண்டா என்கிறோம். கம்பனின் பதிப்புகள் மிகைப்பாடல்களைத் தூக்கி எறியாமல் தனியே காட்டுவதுபோல, அடையாளமிட்டு வைத்துக்கொள்ளலாம். யோவான் எழுதவில்லை என்பதால் அக்கதையின் கேள்வி கூர்மழுங்கிப் போவதில்லை. கல்லோடு நிற்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள்.

எளியவர்களின் நம்பிக்கை குலைந்துவிடுமே என்று சொல்வார்கள். அடைக்கலமாகத் தோன்றும் இம்மௌனமே பெரிய ஆபத்து. தம் போதகரிடமிருந்து அன்போடு கேட்டறிய வேண்டியதை, ஒருநாள் ஏளனம் செய்யும் ஒருவரிடமிருந்து கேட்கும் இளைஞர், பாடபேதத்துக்காக வருந்தமாட்டார்; தம்மிடம் மறைத்தார்கள் என்பதற்காகவே விலகிப் போவார். பக்கத்தின் அடியில் சிற்றெழுத்தில் கிடக்கும் குறிப்பைப் பீடத்திலிருந்து உரக்க வாசிக்கும் துணிவு திருச்சபைக்கு வேண்டும். அதைக் கேட்டதும் வெற்றிக்கூச்சல் இடாத பொறுமை எதிர்த்தரப்புக்கும் வேண்டும்.