மறைந்தொழுகும் குருதி

மனையில் வளரும் நாயும் பூனையும் தம் நோயை வாய்விட்டு உரைக்கும் ஆற்றல் இல்லாதவை. ஆதலின், அதனை உணர்ந்து கூறும் கடமை வளர்ப்போரையே சாரும். உணவூட்டுதலும் தடவிக் கொடுத்தலும் மட்டும் அன்பு ஆகா. உற்று நோக்குதலே உண்மை அன்பின் முதற்படியாகும்.

வண்டி மோதிய நாய் எழுந்து ஓடினால், "காயமின்றித் தப்பியது" என்று மகிழ்வோர் பலர். அது பிழைபட்ட எண்ணம். தோல் கிழியாமலே கல்லீரலோ மண்ணீரலோ கிழிந்து, குருதி வயிற்றினுள் தேங்குதல் உண்டு. 3 கிலோ எடையுள்ள பூனையின் உடலில் ஓடும் குருதி ஏறத்தாழ 200 மில்லிலிட்டரே. ஒரு குவளை அளவேயாகிய அதில் சிறு பகுதி குறையினும் பேரிடர் நேரும்.

எலி நஞ்சுகளுள் ஒருவகை இதனினும் வஞ்சகமானது. 1948-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் எலி நஞ்சாகப் புகுந்த வார்ஃபரினும் அதன் வழிவந்தனவும் குருதியை உறைய விடா. இவற்றை உண்ட உயிர் இரண்டு மூன்று நாள் நலமாகவே தோன்றும். பின்னரே உள்ளே குருதி கசியத் தொடங்கும்.

மறைந்தொழுகும் குருதியைக் கண் காணாது. ஆயினும் அதன் குறிகளைக் காணலாம். உதட்டை மெல்ல உயர்த்தி ஈறுகளை நோக்குக. நலமுள்ள ஈறு இளஞ்சிவப்பாக இருக்கும். குருதி குறைந்த ஈறு வெளிறிவிடும். விரலால் அழுத்தி எடுத்தால், வெளுத்த இடம் 2 நொடிக்குள் மீண்டும் சிவத்தல் வேண்டும். ஈறு இயல்பிலேயே கறுத்திருப்பின், கீழிமையின் உட்புறத்தை நோக்குக. விரைந்த மூச்சு, குளிர்ந்த கால்கள், பருத்த வயிறு, தார் போன்ற கரிய மலம், சோர்ந்து ஒடுங்கிக் கிடத்தல் ஆகியனவும் குறிகளே. வலியுற்ற உயிர் கடிக்கவும் கூடும். ஆதலின் பெரியோர் துணையுடன் நோக்குதல் நன்று.

"நக்கி நக்கியே ஆறிவிடும்" என்பர் சிலர். அகத்தே உள்ள புண்ணை எந்த நாவும் எட்டாது. மனிதர் உண்ணும் ஆஸ்பிரினைக் கொடுத்தலும் தீங்கே; அது குருதி உறைதலை மேலும் தடுக்கும். குறி ஒன்று தோன்றினும் உடனே கால்நடை மருத்துவரை நாடுதலே அறிவுடைமை. நஞ்சு உண்டதாயின் அதன் உறையையும் உடன் கொண்டு செல்க. குருதியை உறைய விடாத நஞ்சாயின், காலத்தே அளிக்கும் வைட்டமின் கே உயிரைக் காக்க வல்லது.

நலமுள்ள நாளில் ஈற்றின் நிறத்தை அறிந்து வைத்தவனே நோயுற்ற நாளில் வேறுபாட்டைக் காண்பான். வாயில்லா உயிரை வளர்க்க விரும்பும் மாணவர், அதன் உடல் பேசும் மொழியையும் கற்றல் வேண்டும்.