துப்பாக்கி வாங்குமுன் சோதனைத் தாளைக் காட்டுங்கள்

2019 பிப்ரவரியில் நம் படைகளுக்காக அமெரிக்காவின் சிக் சாவர் நிறுவனத்திடம் 72,400 துப்பாக்கிகள் வாங்க ஒப்பந்தமானது. மொத்த விலை சுமார் 700 கோடி ரூபாய். ஒன்று ஏறத்தாழ 97,000 ரூபாய். 2024 ஆகஸ்டில் அதே நிறுவனத்திடம் அதே ரகத்தில் இன்னும் 73,000 துப்பாக்கிகளுக்கு 837 கோடி ரூபாய்க்கு ஒப்பந்தம் போடப்பட்டது. இம்முறை ஒன்றின் விலை 1,14,000 ரூபாயைத் தாண்டிவிட்டது. இடைப்பட்ட ஐந்தாண்டுகளில் முதல் தவணைத் துப்பாக்கிகள் எப்படி உழைத்தன? எத்தனை ஆயிரம் தோட்டாக்களுக்குப் பிறகு குழல் தேய்ந்து குறி தவறத் தொடங்கியது? உதிரி பாகம் கேட்டால் எத்தனை மாதத்தில் வந்தது? இரண்டாவது முறை பணம் கொடுக்குமுன் மக்கள் முன்னே வைத்திருக்க வேண்டிய விவரங்கள் இவை. அரசு வைக்கவில்லை.

இறக்குமதி கூடாது என்று நாம் சொல்ல வரவில்லை. 2019இல் எல்லையில் நின்ற வீரனுக்கு நம்பகமான ஆயுதம் உடனே தேவைப்பட்டது. அதற்கு முன் 2011இல் தொடங்கிய பெரிய கொள்முதல் முயற்சி, ஒரே துப்பாக்கி குழலை மாற்றி இருவகைத் தோட்டாக்களையும் சுட வேண்டும் என்று கேட்டு, வெளிநாட்டு நிறுவனங்களின் துப்பாக்கிகளைச் சோதித்து, யாரும் தேறாமல் 2015இல் கைவிடப்பட்டது. ஈஷாப்பூர் அரசுத் துப்பாக்கித் தொழிற்சாலை செய்து கொடுத்த துப்பாக்கியையும் 2017இல் ராணுவம் சோதனையிலேயே நிராகரித்தது. ஆகவே முதல் தவணை அவசரம் என்பதை ஏற்கலாம். இரண்டாவது தவணைக்கு அந்தச் சமாதானம் பொருந்தாது. அதற்குள் ஏறத்தாழ ஐந்து ஆண்டு அனுபவம் கையில் இருந்தது.

துப்பாக்கியின் மதிப்பை அதன் பெயரும் விலைச்சீட்டும் சொல்லிவிடாது. அது தின்னும் தோட்டா, பொருத்தப்படும் குறிநோக்கி, மாற்றக் கிடைக்கும் உதிரி பாகம், சுடப்போகும் இடம், சுடப்போகும் கை எல்லாம் சேர்ந்ததுதான் மதிப்பு. இதற்கு நம் சிக் துப்பாக்கியே சாட்சி. 500 மீட்டருக்கு மேல் குறி தவறாமல் அடிக்கக்கூடியது என்றுதான் அதை வாங்கினோம். ஆனால் இருட்டில் அந்தத் தூரத்தைப் பார்க்க உதவும் இரவு நோக்கிக் கருவிக்கான ஒப்பந்தம் 2025 அக்டோபரில்தான் கையெழுத்தானது. தொகை 659 கோடி ரூபாய். முதல் தவணைத் துப்பாக்கிகளுக்கே கொடுத்த தொகையைவிட இது அதிகம் குறைந்ததல்ல. 2019இல் ‘ஒன்று 97,000’ என்று கணக்கிட்டவர்கள் பாதிக் கணக்கைத்தான் போட்டார்கள்.

தோட்டாவின் கதை இன்னும் கசப்பானது. இந்தியத் தொழிற்சாலைத் தோட்டாவோடு இந்தத் துப்பாக்கி சரியாக ஒத்துப்போகவில்லை, சிக்குகிறது, தோளை அதிகம் உதைக்கிறது என்று பத்திரிகைகளில் செய்திகள் வந்தன. உலகத்துக்கு இது புதிய பாடமும் அல்ல. வியட்நாமில் அமெரிக்கப் படைகளுக்குக் கொடுக்கப்பட்ட எம்-16 துப்பாக்கி, சோதனையில் நன்றாகச் சுட்டது. பிறகு தோட்டாவில் அடைக்கும் வெடித்தூளை மாற்றினார்கள். தோட்டா அமரும் அறைக்குக் குரோமியப் பூச்சு கொடுக்கவில்லை. பல வீரர்களுக்குத் துடைத்துச் சுத்தம் செய்யும் சாமான்கூட வழங்கவில்லை. சண்டை நடுவே துப்பாக்கி சிக்கி வீரர்கள் செத்தார்கள். 1967இல் அமெரிக்க நாடாளுமன்றத்தின் துணைக்குழு விசாரித்து இவற்றையெல்லாம் அச்சில் கொண்டுவந்தது. குறை துப்பாக்கியில் மட்டும் இல்லை, அதைச் சுற்றி எடுக்கப்பட்ட முடிவுகளில் இருந்தது என்று அந்த நாடு தெரிந்துகொண்டது அப்படித்தான்.

ஜெர்மனியின் அனுபவத்தை நம் அதிகாரிகள் மனப்பாடமே செய்ய வேண்டும். அந்நாட்டுப் படையின் ஜி-36 துப்பாக்கி சூடேறினால் குறி தவறுகிறது என்று 2015இல் அரசே ஒப்புக்கொண்டது. தயாரித்த ஹெக்லர் அண்டு கோக் நிறுவனம் நீதிமன்றம் போனது. 2016இல் கோப்ளென்ஸ் நீதிமன்றம் நிறுவனத்தின் பக்கம் தீர்ப்பளித்தது. ஒப்பந்தத்தில் கேட்டதை நிறுவனம் கொடுத்துவிட்டது, அந்தக் கணக்கில் அது குறையுள்ள பொருள் அல்ல என்பதே தீர்ப்பின் சாரம். தொடர்ந்து இத்தனை தோட்டா சுட்ட பிறகும் குறி இந்த அளவுக்குள் நிற்க வேண்டும் என்று வாங்கியவர் எழுதி வைக்காவிட்டால், பின்னால் யாரிடம் போய்க் கேட்பது?

அரிசி வாங்கும்போதுகூட ஒரு மணியைக் கடித்துப் பார்க்கிறவர்கள் நாம். துப்பாக்கிக்கும் கடித்துப் பார்க்கும் வழிகள் உண்டு. பத்துத் துப்பாக்கிகளைப் பிரித்து, பாகங்களைக் கலந்து, மறுபடி பூட்டிச் சுட வேண்டும். எல்லாம் ஓடினால்தான் போர்க்களத்தில் ஒன்றின் பாகம் இன்னொன்றுக்கு உதவும். மணலிலும் சேற்றிலும் புரட்டி, உறைபனியில் வைத்து, உயரத்திலிருந்து போட்டுப் பார்க்க வேண்டும். குழல் எத்தனை ஆயிரம் குண்டு தாங்கும் என்று கடைசிவரை சுட்டே பார்க்க வேண்டும். நம் கடற்கரைக்கு உப்புக் காற்றுச் சோதனையும் கட்டாயம். சென்னையின் கடலோரப் பட்டினப்பாக்கத்தில் இரும்புக் கதவு வைத்த யாருக்கும் காரணம் சொல்ல வேண்டியதில்லை. எல்லாவற்றுக்கும் மேலாக, நம் நாட்டில் செய்யும் தோட்டாவைப் போட்டுத்தான் சுட வேண்டும். விற்கிறவர் கொண்டுவரும் தோட்டாவைப் போட்டு அல்ல.

இதே அளவுகோல் உள்நாட்டுத் துப்பாக்கிக்கும் பொருந்தும். தமிழர்களான நமக்கு இதில் தனி அக்கறை உண்டு. திருச்சியில் 1966 முதல் துப்பாக்கித் தொழிற்சாலை இயங்குகிறது. தலைமுறை தலைமுறையாக அங்கே குழல் கடைந்து, பாகம் பூட்டிப் பிழைத்த குடும்பங்கள் இருக்கின்றன. அங்கே செய்த இன்சாஸ் துப்பாக்கி இந்திய வீரனின் தோளில் நெடுங்காலம் கிடந்தது. அதன் குறைகளை நாம் மூடி மறைக்கக் கூடாது. 1999 கார்கில் குளிரில் அதன் தோட்டாக்கூடு விரிசல் விட்டது, துப்பாக்கி சிக்கியது. நேபாளத்துக்கு அது நாம் ஏற்றுமதி செய்த துப்பாக்கி. சலுகை விலையில் கொடுத்தோம். 2005 ஆகஸ்டில் காலிகோட் மாவட்டத்தில் மாவோயிஸ்டுகள் ராணுவ முகாமைத் தாக்கி 43 வீரர்கள் இறந்தபோது, நீண்ட நேரச் சண்டையில் இன்சாஸ் கைவிட்டுவிட்டது என்று நேபாள ராணுவம் குற்றம் சாட்டியது. நீங்கள் சரியாகப் பராமரிக்கவில்லை என்று நம் தரப்பு பதில் சொன்னது. இன்று நமக்கு விற்பவர், உங்கள் தோட்டா சரியில்லை என்று சொன்னால் நமக்கு எப்படி இருக்கும்? வாங்கியவனுக்கும் விற்றவனுக்கும் நடுவில் ஒப்புக்கொண்ட சோதனை முடிவு இருந்தால்தான் அந்த வழக்கு தீரும்.

இன்று திருச்சியில் ஏ.கே. வகைத் தோட்டாவைச் சுடும் ‘டார்’ துப்பாக்கி தயாராகிறது. உத்தரப் பிரதேசத்தின் கோர்வாவில் ரஷ்யக் கூட்டோடு ஆறு லட்சத்துக்கும் மேற்பட்ட ஏ.கே. 203 செய்ய 2021 டிசம்பரில் ஒப்பந்தமாகி, வேலை நடக்கிறது. அதன் மதிப்பு 5,000 கோடிக்கு மேல். ஒன்று சுமார் 85,000 ரூபாய். பாதுகாப்பு ஆராய்ச்சி மற்றும் மேம்பாட்டு அமைப்பும் ஒரு ஹைதராபாத் நிறுவனமும் சேர்ந்து, சிக் சுடும் அதே தோட்டாவுக்கு ‘உக்ரம்’ என்ற துப்பாக்கியை 2024 ஜனவரியில் வெளியிட்டன. இவையெல்லாம் சிக்கைவிட மேல் என்று நாம் சாதிக்கவில்லை. ஒரே சுடுதளத்தில், ஒரே தோட்டாவகைக்குரியவற்றை ஒரே விதிகளோடு சுட்டுப் பார்த்து மதிப்பெண்ணை வெளியிடுங்கள் என்கிறோம். திருச்சி தோற்றால் தோற்கட்டும். எதில் தோற்றது என்று தெரிந்தால்தான் அங்குள்ள பொறியாளர் அதைச் சரிசெய்ய முடியும். இன்சாஸின் தோட்டாக்கூடு பற்றிய புகாரை முதல் வருடமே வெளிப்படையாக விவாதித்திருந்தால் கார்கிலில் அவ்வளவு பேர் தவித்திருக்க மாட்டார்கள் என்றே நம்புகிறோம்.

பாதுகாப்பு ரகசியம் என்பார்கள். எத்தனை துப்பாக்கி எந்த முகாமில் இருக்கிறது என்பது ரகசியம். அதை யாரும் கேட்கவில்லை. சிக் 716 வகையை அமெரிக்காவில் சாதாரணக் குடிமகனே கடையில் வாங்குகிறான். அவன் பிரித்துப் பார்த்து, அளந்து, சுட்டு அறிந்துகொள்ளக் கூடியதை, வரி கட்டும் இந்தியனிடமிருந்து மறைப்பதால் எந்த எதிரிக்கும் நஷ்டமில்லை.

தில்லியோடு முடிகிற விஷயமும் அல்ல இது. சென்னை ராஜா அண்ணாமலைபுரத்தில் வாழும் நாம் கிரீன்வேஸ் சாலையில் அமைச்சர்களின் வீட்டு வாசலில் ஆயுதத்தோடு நிற்கும் காவலர்களைத் தினமும் கடந்துபோகிறோம். மாநிலக் காவல் துறைக்கு எந்தத் துப்பாக்கியை வாங்குவது என்று தீர்மானிக்கும் அரசின் அமைச்சர்கள் நம் தெருவாசிகள். மாநில மனித உரிமை ஆணையமும் அதே சாலையில்தான் இருக்கிறது. காவலுக்கு வாங்கும் துப்பாக்கியின் தரத்தை ராணுவக் கண்ணால் அளக்கக் கூடாது. பனிமலையில் அரை கிலோமீட்டர் தூரத்தில் எதிரியை வீழ்த்தும் தோட்டா, குடியிருப்பு நடுவே குறி தவறினால் சுவரைத் துளைத்துக்கொண்டு இன்னொரு வீட்டுக்குள் போகும். ராணுவத்துக்கு அது சிறப்பு, நகரத்துக்கு அது ஆபத்து.

தூத்துக்குடியை மறந்துவிட்டு இதைப் பேச முடியாது. 2018 மே மாதம் அங்கே காவல் துறைத் துப்பாக்கிச் சூட்டில் 13 பேர் உயிரிழந்தார்கள். போர்க்களத்துக்கென்று பிறந்த எஸ்.எல்.ஆர். துப்பாக்கி அன்று ஊர்த்தெருவில் ஊர்வலத்தை நோக்கிச் சுட்டது. தப்பியோடியவர்கள் மீதும் சுடப்பட்டதை நீதிபதி அருணா ஜெகதீசன் ஆணையம் பதிவுசெய்தது. 2022 அக்டோபரில் அந்த அறிக்கை சட்டப்பேரவையில் வைக்கப்பட்டது. அன்று அந்தத் துப்பாக்கி எந்தக் கோளாறும் இல்லாமல் வேலை செய்தது என்பதுதான் நம்மை இன்றும் உறங்கவிடாத விஷயம். கூட்டத்தைக் கட்டுப்படுத்தும் வேலைக்கு அப்படிப்பட்ட ஆயுதத்தை அனுப்பலாமா என்ற கேள்விக்கு எந்தத் தரச்சான்றிதழிலும் இடமில்லை. நம் மாநிலத்தின் சான்றிதழிலாவது இருக்க வேண்டும்.

ஆகவே தமிழக உள்துறை அடுத்த முறை காவல் துறைக்கு நீளத்துப்பாக்கி வாங்க ஒப்பந்தப்புள்ளி அழைக்குமுன் மூன்று விவரங்களை எழுத்தில் வெளியிட வேண்டும்: இன்ன பணிக்கு இன்ன துப்பாக்கி, இன்ன பணிக்கு அது செல்லவே கூடாது என்ற வரையறை; இந்தியத் தோட்டாவும் உப்புக் காற்றும் அடங்கிய சோதனையின் முடிவு; பத்தாண்டுக்கான தோட்டா, குறிநோக்கி, உதிரி பாகம், பயிற்சி சேர்ந்த மொத்தச் செலவு. திருச்சித் தொழிற்சாலையும் வெளிநாட்டு நிறுவனங்களும் அந்தத் தாளைப் படித்துவிட்டு விலை சொல்லட்டும். சிக் துப்பாக்கிகளின் ஐந்தாண்டுச் செயல்பாட்டையும் இரவு நோக்கி தாமதமான காரணத்தையும் தலைமைக் கணக்குத் தணிக்கையாளர் ஆராய வேண்டும் என்று நாடாளுமன்றத்தில் கேட்கும் பொறுப்பு தமிழக உறுப்பினர்களுக்கு இருக்கிறது. அடுத்த கூட்டத்தொடரிலேயே அவர்கள் அதைக் கேட்க வேண்டும்.