‘சைனஸ் ஆபரேஷன் வீண்’ என்பவர்களுக்கு

“சைனஸுக்கு ஆபரேஷன் மட்டும் பண்ணிடாதீங்க, எப்படியும் திரும்ப வந்துடும்.” ஈஎன்டி டாக்டரின் அறைக்கு வெளியே காத்திருப்பவர்களில் இதைக் கேட்காதவர் அநேகமாக இருக்க மாட்டார். சொல்பவர் பக்கத்து நாற்காலிக்காரர். சில நேரம் நம் சொந்தச் சித்தப்பா. கையில் சான்றும் வைத்திருப்பார்: அவருடைய மச்சானுக்கு இரண்டு தடவை செய்தும் தீரவில்லை. மச்சான் கதை பொய்யல்ல. அதிலிருந்து அவர் எடுக்கும் முடிவுதான் பிசகு.

மச்சானுக்கு நடந்தது என்ன ஆபரேஷன் என்று கேட்டுப் பாருங்கள். “மூக்குல சதை எடுத்தாங்க” என்பதோடு பதில் நின்றுவிடும். வளைந்த மூக்குத் தண்டை நேராக்குவது ஒரு வேலை. பக்கச் சுவரில் வீங்கி நிற்கும் டர்பினேட் மடிப்புகளைச் சுருக்குவது இன்னொன்று. அடைபட்ட சைனஸ் அறைகளின் வாசலைத் திறப்பதும், அங்கே திராட்சைக் கொத்தாகத் தொங்கும் பாலிப்பை எடுப்பதும் வேறு. தண்டை நேராக்கிக்கொண்டவருக்குக் காலைத் தும்மல் நிற்கவில்லை என்றால் ஆபரேஷன் தோற்றுவிட்டது என்று பொருளல்ல. தும்மல் அலர்ஜியால் வருவது. அதை நிறுத்த யாரும் தண்டை நேராக்குவதில்லை.

சரி, ‘திரும்ப வரும்’ என்ற பேச்சு எங்கிருந்து வந்தது? ஒரு காலத்தில் அதற்கு நல்ல ஆதாரமே இருந்தது. 1893இல் நியூயார்க்கில் ஜார்ஜ் கால்டுவெல்லும், 1897இல் பாரிஸில் ஆன்றி லுக்கும் தனித்தனியே எழுதிவைத்த முறைதான் பல பத்தாண்டுகள் கோலோச்சியது. மேலுதட்டைத் தூக்கி, பல்லுக்கு மேலே எலும்பில் துளையிட்டு, கன்னச் சைனஸின் உட்சவ்வைச் சுரண்டி எடுத்துவிட்டு, மூக்கின் கீழ்ப்புறத்தில் புதிதாக ஒரு வழி வெட்டிவிடுவார்கள். சளி கீழே தானாக வடிந்துவிடும் என்பது கணக்கு.

கணக்கு தப்பு. சைனஸின் சவ்வு முழுக்க நுண்ணிய மயிரிழைகள் உண்டு. அவை சளியைத் தள்ளும் திசை பிறவியிலேயே தீர்மானமானது. கன்னச் சைனஸில் அது மேல்நோக்கி. கீழே எவ்வளவு பெரிய ஓட்டை போட்டாலும் சளி அதைச் சுற்றிக்கொண்டு இயற்கை வாசலுக்கே போய்ச் சேரும். ஆஸ்திரியாவின் கிராஸ் நகரில் வால்டர் மெஸ்ஸர்கிளிங்கர் எண்டாஸ்கோப்பை வைத்து இதை வருடக்கணக்கில் ஆராய்ந்து, 1978இல் புத்தகமாக வெளியிட்டார். கண்ணுக்கும் மூக்குக்கும் இடையே சில மில்லிமீட்டர் அகலமே உள்ள இடுக்கில்தான் கன்னச் சைனஸும் பெரும்பாலும் நெற்றிச் சைனஸும் வடிகின்றன; அந்த இடுக்கைச் சீராக்கினாலே பெரிய அறைகள் தாமாகத் தேறும் என்றார். அவர் மாணவர் ஸ்டாம்பர்கரும் அமெரிக்காவில் டேவிட் கென்னடியும் 1980களில் அதை உலகம் முழுக்கக் கொண்டுபோனார்கள். வெளியே தையல் இல்லை. சவ்வைச் சுரண்டுவதும் இல்லை. உங்கள் தாத்தா பட்ட பாடு கால்டுவெல்-லுக் முறையின் பாடு. அதை இன்றைய எண்டாஸ்கோப் முறையின் கணக்கில் எழுதுவது நியாயமில்லை.

இன்றைய முறையிலும் பாலிப் திரும்ப வளர்வதில்லையா என்றால், நிறையவே வளர்கிறது. பெல்ஜியத்தின் கெண்ட் நகர ஆய்வொன்று பாலிப் நோயாளிகளை ஆபரேஷனுக்குப் பின் 12 ஆண்டுகள் கவனித்தது. ஏறத்தாழ பத்தில் எட்டுப் பேருக்குப் பாலிப் மீண்டும் தென்பட்டது. மீண்டும் கத்தி வைக்க வேண்டியிருந்தது மூன்றில் ஒருவருக்குச் சற்றுக் கூடுதலாக. பக்கத்து நாற்காலிக்காரர் இந்த இடத்தில் எழுந்து நின்று கைதட்டலாம். ஆனால் அதே ஆய்வில், 12 ஆண்டு கழித்தும் அவர்களுடைய தொந்தரவுகள் ஆபரேஷனுக்கு முன் இருந்ததைவிடத் தெளிவாகக் குறைவு. பாலிப் உடம்பின் அழற்சியால் வருவது; கத்தி அந்த அழற்சியை எடுப்பதில்லை. கால்வாயைத் தூர்வாரினால் மழை நிற்காது, வந்த தண்ணீர் ஓடும். அதோடு, திறந்த சைனஸுக்குள்தான் ஸ்டீராய்டு ஸ்ப்ரேயும் உப்புநீர்க் கழுவலும் உள்ளே போய்ச் சேரும். மூச்சு நன்றாக வருகிறதே என்று மூன்றாம் மாதம் ஸ்ப்ரேயை நிறுத்திவிட்டு, பழியை ஆபரேஷன் மேல் போடுபவர்கள் நம்மில் ஏராளம்.

இன்னொரு வகைத் தோல்வியும் உண்டு. அதில் குற்றம் ஆளைத் தேர்ந்தெடுத்ததில். நெற்றி வலித்தால் சைனஸ் என்று நாமே தீர்ப்பு எழுதிவிடுகிறோம். 2004இல் வெளியான அமெரிக்க ஆய்வில், ‘சைனஸ் தலைவலி’ என்று வந்த 2,991 பேரில் 88 சதவீதத்தினருக்கு இருந்தது மைக்ரேன் வகைத் தலைவலி. அவர்களுக்கு எத்தனை சைனஸைத் திறந்து என்ன? சிடி ஸ்கேனும் தனியே சாட்சி சொல்லாது. சைனஸ் நோயே இல்லாதவர்களின் ஸ்கேனிலும் அங்கங்கே சவ்வுத் தடிப்பு தெரியும். தண்டு கொஞ்சமாவது வளையாத மூக்கு அபூர்வம். ‘ஸ்கேன்ல வளைவு இருக்கு, எடுத்துடலாம்’ என்று தொடங்கும் டாக்டரிடம் இரண்டாவது கருத்து கேட்பது அவமரியாதை ஆகாது.

வளைவால் உண்மையாகவே மூச்சு அடைபடுபவர்களின் நிலை வேறு. 2023இல் வெளியான பிரிட்டிஷ் சோதனையில் அப்படிப்பட்ட 378 பேரைப் பிரித்து, ஒரு பாதிக்கு ஆபரேஷனும் மறுபாதிக்கு ஸ்ப்ரேயும் கொடுத்தார்கள். ஆறு மாதம் கழித்துத் தொந்தரவை 110க்கு அளந்தபோது முதல் அணி 20ஐ ஒட்டியும், ஸ்ப்ரே அணி 40ஐ ஒட்டியும் இருந்தன. இதையும் வீண் என்பவர் வேறு அளவுகோல் கொண்டுவரட்டும்.

கண் போய்விடும், மூளையில் பட்டுவிடும் என்ற பயத்தை நான் கிண்டல் செய்ய மாட்டேன். கண்ணுக்கும் சைனஸுக்கும் நடுவே இருப்பது காகிதம்போன்ற எலும்பு. ஆனாலும் பெரிய சிக்கல் நேர்வது நூற்றில் ஒருவர் அளவில், அல்லது அதற்கும் கீழ். நான் அதிகம் பயப்படச் சொல்வது வேறொன்றுக்கு: டர்பினேட்டை மொத்தமாக வெட்டியெடுப்பது. உள்ளே வரும் காற்றைச் சூடாக்கி ஈரப்படுத்துவது அதுதான். முழுக்கப் போனபின், மூக்கு அகலத் திறந்திருந்தும் மூச்சே வரவில்லை என்று தவிப்பவர்கள் இருக்கிறார்கள். ‘எவ்வளவு எடுப்பீங்க?’ என்று முன்கூட்டியே கேட்டுவிடுங்கள்.

‘ஆவி பிடி, தைலம் தடவு, போதும்’ என்பது கடைசி வாதம். சாதாரணச் சளிக்கு ஆகட்டும். ஆனால் தைலத்திலுள்ள மெந்தால் குளிர்ச்சி உணர்வைத்தான் தூண்டுகிறது. அடைப்பு இம்மியும் நகர்வதில்லை. மருந்துக் கடையில் கேட்டு வாங்கும் அடைப்பு நீக்கும் சொட்டு மருந்தை வாரக்கணக்கில் விட்டால் அதுவே அடைப்பை உண்டாக்கும். 12 வாரம் தாண்டிய அடைப்புக்கும் வாசனை இழப்புக்கும் முறையான ஸ்ப்ரே, உப்புநீர்க் கழுவல், பிறகும் தீராவிட்டால்தான் ஆபரேஷன் என்பதே வரிசை.

வரிசையைப் பார்த்துக்கொண்டிருக்கக் கூடாத நிலைகளும் உண்டு. ஒரு பக்கம் மட்டும் அடைப்பும் ரத்தமும், சளியோடு கண் வீங்குவது, பார்வை இரண்டாகத் தெரிவது. கட்டுப்பாடில்லாத சர்க்கரை உள்ளவருக்குக் கன்னம் மரத்துப்போனால் அன்றைக்கே ஓட வேண்டும். 2021இல் கோவிட் அலையோடு வந்த கருப்புப் பூஞ்சையில் மருந்தோடு சேர்ந்து பலரைக் காப்பாற்றியது, அழுகிய திசுவைச் சீக்கிரமே வெட்டியெடுத்த இந்த மூக்கு ஆபரேஷன்தான்.