தெற்கிலும் இருக்கிறது அந்த மரபணு

சீலியாக் வடநாட்டாரின் நோய், நமக்கு அந்தக் கவலை இல்லை என்ற நினைப்பு தமிழகத்தில் ஊறிப்போயிருக்கிறது. கோதுமையிலுள்ள குளூட்டன் என்ற புரதம் உள்ளே போனதும், உடலின் எதிர்ப்பு சக்தி தன் சிறுகுடலையே தாக்கிச் சிதைக்கும் நோய் இது. அது வடக்கத்திய உடல்வாகோடு வந்தது என்று சொல்லி முடித்துவிடுகிறோம்.

2016-இல் வெளியான ஆய்வொன்று இதற்கு இடம்தரவில்லை. டெல்லி-ஹரியாணா வட்டாரம், அசாம், நம் வேலூர் ஆகிய இடங்களில் 23,000-க்கும் மேற்பட்ட பெரியவர்களைச் சோதித்தார்கள். நோய்க்கு வழிவிடும் எச்.எல்.ஏ. டிகியூ2, டிகியூ8 மரபணுக்கள் வடக்கே 38.1 சதவீதம் பேரிடம் இருந்தன, தெற்கே 36.4 சதவீதம். வித்தியாசம் என்று சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் நோயின் அடையாளமான எதிர்ப்பொருள் ரத்தத்தில் இருந்தது வடக்கே ஏறத்தாழ நூற்றுக்கு ஒருவரிடம், தெற்கே ஆயிரத்துக்கு ஒருவரிடம். வடக்கே ஒருவர் நாளொன்றுக்கு உண்ட கோதுமை சராசரியாக 455 கிராம். தெற்கே வெறும் 25 கிராம்.

கோதுமை மட்டுமே காரணம் என்றும் அடித்துச் சொல்லிவிட முடியாது. அசாமில் 37 கிராம்தான் உண்கிறார்கள்; அந்த எதிர்ப்பொருளோ 0.87 சதவீதம் பேரிடம். பின்லாந்திலும் எல்லைக்கு அப்பால் ரஷ்யக் கரேலியாவிலும் இந்த மரபணுக்களும் கோதுமைப் பழக்கமும் ஏறத்தாழ ஒன்றுதான். அப்படியிருந்தும் பின்லாந்துப் பிள்ளைகளிடையே நோய் பல மடங்கு அதிகம். சிறுவயதுத் தொற்றுகள், குடல் நுண்ணுயிரிகள், வாழும் சூழல் என்று சந்தேகப் பட்டியல் நீள்கிறது. எப்படியானாலும், நம்மை இதுவரை காத்தது இனம் அல்ல.

கோதுமையைக் குறைவாக உண்டதும் அந்தக் காவலில் ஒன்றென்றால், அது இப்போது தளர்கிறது. சர்க்கரை நோய் என்றதும் இரவில் சப்பாத்தி என்பது வீட்டுச் சட்டமாகிவிட்டது. பரோட்டாவுக்கும் பிஸ்கட்டுக்கும் நேரம் காலம் கிடையாது. (மைதாவும் கோதுமைதான் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள்.)

இதற்காகக் கோதுமையைக் கண்டு பயப்பட வேண்டியதில்லை. நோய் இல்லாதவர் ‘குளூட்டன் ஃப்ரீ’ பொட்டலத்துக்குக் காசைக் கொட்டுவது வீண். மரபணு இருந்தாலே நோய் என்று மிரட்டுவதும் தவறு. மூன்றில் ஒருவரிடம் இருப்பதைக் கண்டுபிடித்து என்ன பயன்? அது இல்லையென்றால் நோய் அநேகமாக இல்லை என்று சொல்லலாம், அவ்வளவே. இதைவிட மோசம், தாமாகவே கோதுமையை நிறுத்திவிட்டுப் பரிசோதனைக்குப் போவது. ரத்தத்திலுள்ள எதிர்ப்பொருள் அதற்குள் குறைந்து, நோய் இருந்தும் இல்லையென்று முடிவு வரக்கூடும்.

அரசு செய்ய வேண்டியது இரண்டு. இரும்புச்சத்து மாத்திரைக்கும் அடங்காத ரத்தசோகை, வளர்ச்சி குன்றிய பிள்ளை, முதல் வகை நீரிழிவு ஆகியவற்றோடு வருவோருக்கு அரசு மருத்துவக் கல்லூரிகள் எல்லாவற்றிலும் சீலியாக் ரத்தப் பரிசோதனை இலவசமாகக் கிடைக்க வேண்டும். முதல் வகை நீரிழிவுக்கும் இதே மரபணுக்கள் வழிவிடுவதால் அந்தப் பிள்ளைகளைக் கட்டாயம் சோதிக்க வேண்டும். அடுத்தது, வேலூர்க் கணக்கை மறுபடி எடுப்பது. பழைய ஆய்வு பெரியவர்களோடு நின்றுவிட்டது. இம்முறை பள்ளிப் பிள்ளைகளிடமிருந்து தொடங்கட்டும்.