எம்பி3-யில் பதியாதீர்கள்

"காதுக்கு வித்தியாசமே தெரியலையே, எம்பி3-யில பதிஞ்சா என்ன?" விருத்தாசலத்தில் கல்யாண வீடியோ எடுப்பவர், கோவில் திருவிழாவில் நாதஸ்வரக் கச்சேரியைப் பிடிப்பவர், வீட்டிலேயே மைக் வைத்துப் பாடி யூடியூபில் ஏற்றும் மாணவர் என்று யாரிடம் பேசினாலும் இதே பேச்சுதான். கூடவே இன்னொன்றும் வரும்: "தேவைப்பட்டா அப்புறம் வேவ் ஆக்கிக்கலாம்." முதல் பேச்சில் பாதி உண்மை இருக்கிறது. இரண்டாவதில் துளியும் இல்லை. இரண்டையும் நம்பி நம் ஊர் இசையை நாமே பாழாக்கிக்கொண்டிருக்கிறோம்.

பாதி உண்மையை ஒப்புக்கொண்டுவிடுகிறேன். முடிந்த பாட்டை வினாடிக்கு 320 கிலோபிட் என்ற பிட்ரேட்டில் நல்ல மென்பொருள் கொண்டு சுருக்கினால், அசலுக்கும் அதற்கும் பெரும்பாலோர் வேறுபாடு சொல்ல மாட்டார்கள். எம்பி3 பிறந்ததே அதற்குத்தான். ஜெர்மனியின் ஃப்ராவ்ன்ஹோஃபர் நிறுவனத்தில் கார்ல்ஹைன்ஸ் பிராண்டன்பர்க் போன்றவர்கள் உழைத்து உருவாக்கி, 1993-இல் சர்வதேசத் தரமாக வெளிவந்தது. சிடி தரத்தில் ஒரு நிமிட ஸ்டீரியோ ஒலி சுமார் 10 மெகாபைட். 128 கிலோபிட் எம்பி3-யில் அது ஒரு மெகாபைட்டுக்குள் அடங்கிவிடும். தொலைபேசிக் கம்பி வழியே இணையம் ஊர்ந்த காலத்துக்கு அது பெரிய வரம்தான்.

ஆனால் எதைக் கழித்து அந்த இடத்தை மிச்சம் பிடிக்கிறது? உரத்த ஒலி ஒன்று கேட்கும்போது அதன் பக்கத்தில் ஒலிக்கும் மெல்லிய ஒலி நம் காதில் விழாது. விழாததை எதற்கு வைத்திருப்பது என்று எம்பி3 தள்ளிவிடுகிறது. "இது கேட்காது" என்ற அந்தத் தீர்ப்பு, பதியும் நேரத்தில் எந்த ஒலி எவ்வளவு உரக்க இருந்ததோ அதை வைத்து எழுதப்பட்டது. பதிந்த பிறகு நாம் சும்மா இருப்பதில்லையே! அமுங்கிய குரலை ஏற்றுகிறோம், ஜெனரேட்டர் இரைச்சலைக் குறைக்கிறோம், ஈக்வலைசரில் ஜால்ராவைத் தூக்கிவிடுகிறோம். உரத்ததை இறக்கி மெல்லியதை ஏற்றியதுமே பழைய தீர்ப்பு செல்லாமல் போகிறது. மறைவில் இருந்த ஓட்டைகள் வெளியே வருகின்றன. குரலைச் சுற்றி ஒரு சளசளப்பு கேட்கத் தொடங்குகிறது. கேட்பவருக்குத் தெரியாத குறை, மிக்ஸிங் செய்பவரின் கையில் வெட்டவெளிச்சமாகிறது.

நம் வாத்தியங்களுக்கு இந்தச் சேதம் இன்னும் அதிகம். எம்பி3 ஒலியைச் சிறு சிறு துண்டுகளாக வெட்டிக் கணக்கிடுகிறது. துண்டின் நடுவே திடீரென்று ஓர் அடி விழுந்தால், கணக்கில் ஏற்படும் பிழை துண்டு முழுவதும் பரவி, அடிக்கு முன்னாலேயே மெல்லிய இரைச்சலாகக் கேட்கும். துண்டைச் சிறிதாக்கி இதைச் சமாளிக்க எம்பி3-யில் வழி உண்டு. குறைந்த பிட்ரேட்டில் அது போதாது. ஸ்பெயின் நாட்டு காஸ்டனெட் கட்டைகளின் ஒலியை இதற்கான சோதனையாகவே ஒலிப் பொறியாளர்கள் வைத்திருக்கிறார்கள். தவிலின் வலந்தலையில் விரல்கூடு விழும் சத்தத்தை நினைத்துப் பாருங்கள். மணிக்கணக்கில் அதே அடிதான், அதுவும் அடுக்கடுக்காக. கூத்தில் முகவீணையும் தாளமும் சேர்ந்து ஒலிக்கும் இடமும் இப்படித்தான். 128 கிலோபிட் கோப்பு ஒன்றை ஆடாசிட்டி மென்பொருளின் ஸ்பெக்ட்ரோகிராமில் திறந்தால், பெரும்பாலும் 16 கிலோஹெர்ட்ஸ் அருகே படம் ஒரே நேர்கோட்டில் அறுபட்டிருக்கும். தாளத்தின் கணீர் ஒலியில் ஒரு பங்கு அந்தக் கோட்டுக்கு மேலேதான் இருந்தது.

இனி, "அப்புறம் வேவ் ஆக்கிக்கலாம்" என்பது. விருத்தாசலம் போலப் பீங்கான் தொழில் நடக்கும் ஊரில் இதை நம்புகிறார்கள் என்பதுதான் எனக்குத் தாங்கவில்லை. அச்சில் களிமண் கூழை ஊற்றி எடுத்த பொம்மை பச்சையாக இருக்கும்வரை மூக்கைத் திருத்தலாம், விரிசலைப் பூசலாம், பிடிக்காவிட்டால் கரைத்து மறுபடி கூழாக்கலாம். சூளைக்குள் போய் வந்தபின் இடித்துத் தூளாக்கினாலும் அது களிமண் ஆகாது. எம்பி3 சுட்ட பொம்மை. கடைக்கு அனுப்பலாம்; பட்டறையில் வைத்துத் திருத்த முடியாது. அதைச் சுருக்காத வடிவமான வேவ் ஆக மாற்றினால் கோப்பு பெரிதாகும், போனது வராது. அதைவிடக் கேடு, அடுத்து வாங்குபவர் பெயரைப் பார்த்து அசல் என்று நம்பிவிடுவார்.

டிராக் அனுப்புகிறவர்களுக்குத் தனியாக ஒரு சொல். எம்பி3 ஆக்கும்போது கோப்பின் தொடக்கத்தில் சிறு மௌனம் சேர்ந்துவிடும். 20 மில்லிசெகண்டுக்கு மேலும் போகலாம். அதைக் கழித்துத் திறக்கும் மென்பொருள்கள் உண்டு, கழிக்காதவையும் உண்டு. விருத்தாசலத்தில் பாடி, சென்னையில் மிருதங்கம் சேர்த்தால் தாளம் ஏன் தள்ளி நிற்கிறது என்று பாடியவரைக் குறை சொல்வதற்கு முன் கோப்பைப் பாருங்கள்.

இடம் போதாது என்ற சாக்கும் இனி எடுபடாது. 24 பிட், 48 கிலோஹெர்ட்ஸ் ஸ்டீரியோ வேவ் ஒரு மணி நேரத்துக்கு ஏறத்தாழ ஒரு ஜிகாபைட். ஒரு டெராபைட் ஹார்ட் டிஸ்கில் 900 மணி நேரத்துக்கு மேல் கொள்ளும். அதுவும் பெரிதென்றால் ஃப்ளாக் என்ற கோப்பு வடிவம் இருக்கிறது. 2001 முதல் இலவசமாகக் கிடைக்கிறது. ஒரு பிட்டைக்கூட இழக்காமல் பெரும்பாலும் பாதிக்கு அருகே சுருக்கித் தரும், வேண்டும்போது அசல் வேவை அப்படியே திருப்பிக் கொடுக்கும். எதிர்ப்பக்கம் போய் 192 கிலோஹெர்ட்ஸ் வேண்டும் என்று அலைவதும் வீண். மனிதக் காது 20 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் கேட்பதில்லை, அதன் இரு மடங்கைத் தாண்டிய 48 தாராளம். 24 பிட் மட்டும் அவசியம். அப்போதுதான், நாதஸ்வரம் திடீரென்று எகிறும் என்று பயந்து ரெக்கார்டிங் லெவலைத் தாழ்த்தி வைத்தாலும் மெல்லிய பிடிகள் இரைச்சலில் மூழ்காது. ஒலி ஆவணக் காப்பகங்களின் சர்வதேச அமைப்பான ஐயாசா பரிந்துரைக்கும் குறைந்தபட்ச அளவும் இதே 24 பிட், 48 கிலோஹெர்ட்ஸ்தான்.

நாதஸ்வர மேதை ராஜரத்தினம் பிள்ளையின் தோடி ராகத்தை இசைத்தட்டின் இரைச்சலுக்கு நடுவே கேட்டு இன்றும் உருகுகிறோம். ஒரு பக்கத்துக்குச் சில நிமிடங்களே கொண்ட தட்டு அது. அந்தக் காலத்துக்கு அதற்குமேல் வழியில்லை. நமக்கு வழியிருக்கிறது. விருத்தாசலம் பழமலைநாதர் கோவில் மாசி மகத் திருவிழாவில் வாசிக்கும் ஒரு கலைஞரின் சிறந்த வாசிப்பு, ரெக்கார்டரின் மெனுவில் நாம் மாற்றாமல் விட்ட ஒரு வரியால் சிதைவதை எப்படிப் பொறுப்பது?

அடுத்த பதிவுக்குப் போகுமுன் ரெக்கார்டரிலோ மென்பொருளிலோ வேவ், 24 பிட், 48 கிலோஹெர்ட்ஸ் என்று மாற்றுங்கள். வாட்ஸ்அப்பில் அனுப்ப நேர்ந்தால் ஆவணமாக அனுப்புங்கள். வாசித்தவருக்குக் கேட்க எம்பி3 கொடுங்கள்; அசலை இரண்டு வட்டுகளில் வையுங்கள், அழிக்காதீர்கள்.