கழுகும் பாம்பும்: பிராணிப் பெயர்களைப் பதிவு செய்யும் முறை

பிராணிகளுக்கு மக்கள் இட்டு வழங்கும் பெயர்களைப் பற்றி, விஞ்ஞானம் பயின்றோரிடையே இருவகை மனப்பான்மை காணப்படுகிறது. ஒரு சாரார் அப்பெயர்களைப் பாமரர் வழக்கு என ஒதுக்கிவிட்டு, லத்தீன் பெயர் ஒன்றே போதும் என்பர். மற்றொரு சாரார், அகராதியைப் புரட்டி ஒவ்வொரு பெயருக்கும் இந்தியிலோ ஆங்கிலத்திலோ நேரான சொல்லை எழுதிவிட்டால் வேலை முடிந்தது என்பர். இவ்விரண்டும் பிழையான வழிகள் என்பதே நமது கருத்து. மக்கள் வழங்கும் பெயர் ஒரு சான்று. சான்றை மாற்றாமல் எழுதி வைப்பதும், அது எதை நிரூபிக்கிறது, எதை நிரூபிக்கவில்லை என்று பகுத்தறிவதும் களப்பணியாளரின் கடமையாகும். கழுகு, பாம்பு ஆகிய இரண்டைச் சார்ந்த பெயர்களைக் கொண்டு இதனை விளக்குவோம். நாட்டின் எல்லா மொழிகளிலும் இவற்றைப் பற்றிய சொற்கள் மிகுதி. அவற்றால் விளையும் குழப்பமும் மிகுதி.

கருடன் என்ற சொல்லை முதலில் எடுத்துக்கொள்வோம். புராணங்களில் கருடன் பறவைகளின் அரசன், நாகங்களின் பகைவன், திருமாலின் வாகனம். ஆனால் கண்ணெதிரே பறக்கும் பறவைகளுள் எது கருடன்? தமிழ்நாட்டில் இக்கேள்விக்கு ஐயமின்றி விடை கிடைக்கும். வெண்ணிறத் தலையும் மார்பும், செங்காவி நிறச் சிறகும் உடைய செம்பருந்தையே மக்கள் கருடன் எனக் கும்பிடுகின்றனர். அதே பறவையை வங்காளத்தில் சங்கசில், அதாவது சங்கு போன்ற வெண்மை உடைய பருந்து, என்பர். பீகார் மாநிலத்துப் பாகல்பூர் வட்டாரத்திலோ கருடன் என்ற பெயர் மிகப் பெரிய நாரையினம் ஒன்றைக் குறிக்கிறது. லெப்டாப்டிலோஸ் டூபியஸ் என்பது அதன் விஞ்ஞானப் பெயர். ஆகவே, 'கருடன் இரண்டு காணப்பட்டன' என்று மட்டும் எழுதிய குறிப்பு, எந்த ஊரில், எந்த மொழியில் கேட்கப்பட்டது என்று அறியாதவனுக்குப் பயன்படாது.

பாம்பின் பகைவன் என்று புகழப்படும் செம்பருந்தின் முக்கிய உணவு மீன், நண்டு, இறந்த பிராணிகளின் இறைச்சி ஆகியவையே. பாம்பை அது எப்போதாவதுதான் பிடிக்கும். பாம்பையே பெரிதும் உண்டு வாழும் பறவைகள் வேறு. காடு சார்ந்த இடங்களில் வாழும் கொண்டைப் பாம்புக் கழுகும், வறண்ட வெளிகளில் வட்டமிடும் குட்டைவிரல் பாம்புக் கழுகும் அத்தகையவை. முன்னதன் விஞ்ஞானப் பெயர் ஸ்பைலார்னிஸ் சீலா என்பது. இதிலுள்ள 'சீலா' என்பது இந்தி மொழியின் 'சீல்' என்னும் சொல்லே. அச்சொல்லுக்குப் பருந்து என்று பொருள். கழுகு ஒன்று தன் லத்தீன் பெயரில் பருந்து என்ற பெயரைச் சுமந்துகொண்டிருக்கிறது. விஞ்ஞானப் பெயர் மக்கள் வழக்கின் குழப்பங்களுக்கு முற்றிலும் அப்பாற்பட்டது என்று எண்ணுவோர் இதனை நினைவிற் கொள்ளவேண்டும்.

பெயர் வேறுபாட்டினால் பிராணியின் விதியே மாறுவதும் உண்டு. பாகல்பூர்க் கிராமங்களில் கருடன் என்று வணங்கப்படும் அந்நாரையை அஸ்ஸாமில் 'ஹர்கிலா', அதாவது எலும்பை விழுங்குவது, என்பர். இறந்த விலங்குகளை உண்ணுவதாலும் கூட்டின் கீழ் நாற்றம் வீசுவதாலும் அதனை அமங்கலப் பறவையெனக் கருதி, அது கூடு கட்டிய மரங்களை மக்கள் வெட்டிவந்தனர். உயிரியல் அறிஞர் பூர்ணிமா தேவி பர்மன் அக்கிராமப் பெண்களைத் திரட்டி அப்பறவையைக் காக்கும் இயக்கத்தை நடத்தினார். 2022 ஆம் ஆண்டில் ஐக்கிய நாடுகளின் சுற்றுச்சூழல் திட்டம் அவருக்குப் புவியின் காவலர் விருதை வழங்கியது. இங்கு நாம் கவனிக்கவேண்டியது ஒன்று உண்டு. அவர்கள் இகழ்ச்சிப் பெயரை அகற்றிவிட்டு வேறு அழகிய பெயரைச் சூட்டவில்லை. ஹர்கிலா என்ற பெயரையே தம் படையின் பெயராக்கி, அதன் உருவத்தைத் தறியில் நெய்து, பெருமைக்குரியதாக மாற்றினர். மக்களின் சொல்லை வைத்துக்கொண்டே மக்களின் எண்ணத்தை மாற்ற முடியும் என்பதற்கு இது சான்று.

இனி, தமிழில் கழுகு என்ற சொல்லைக் காண்போம். உயிருள்ள இரையை வேட்டையாடும் பறவைக்கும், பிணத்தைத் தின்னும் பறவைக்கும் இன்று பேச்சு வழக்கில் இச்சொல்லே வழங்குகிறது. பின்னதற்குப் பாறு என்ற பழஞ்சொல் உண்டு. பிணந்தின்னிக் கழுகு என்றும் கூறுவர். இந்தியில் இவ்விரண்டும் கலப்பதில்லை. பாறுக்குக் 'கித்' என்ற தனிச்சொல் உள்ளது. ராமாயணத்து ஜடாயுவை வடமொழி கிருத்ரம், அதாவது பாறு, என்றே கூறும். அரியானா மாநிலத்துப் பிஞ்சோரில் பாறுகளை வளர்த்துப் பெருக்கும் நிலையத்திற்கு ஜடாயுவின் பெயர் இடப்பட்டது பொருத்தமே.

இந்த வேறுபாடு சொல்லாராய்ச்சியோடு நின்றுவிடுவதன்று. 1992 முதல் 2007 வரையிலான பதினைந்து ஆண்டுகளில் இந்தியாவில் வெண்முதுகுப் பாறுகளின் எண்ணிக்கை ஆயிரத்திற்கு ஒன்று என்ற அளவிற்குக் குன்றிற்று. மாடுகளுக்கு அளிக்கப்பட்ட டைக்ளோஃபெனாக் என்னும் வலிநீக்கி மருந்து, இறந்த மாட்டின் உடலில் தங்கி, அதனை உண்ட பாறுகளின் சிறுநீரகங்களைக் கெடுத்ததே காரணம் என 2004 இல் வெளிவந்த ஆராய்ச்சி காட்டியது. 2006 இல் கால்நடைகளுக்கு அம்மருந்தை அளிப்பது தடை செய்யப்பட்டது. இத்தகைய பறவையைத் தேடிச் செல்லும் ஊழியர் ஒருவர், 'உங்கள் ஊரில் கழுகு உண்டா?' என்று கேட்டால், ஊரார் தாம் அன்றாடம் காணும் ஏதோ ஒரு பருந்தையோ கழுகையோ மனத்திற்கொண்டு 'உண்டு' என்பர். அவ்விடை ஏட்டில் பாறு என்று ஏறிவிடும். அழிந்துபோன பறவை காகிதத்தில் உயிர்வாழும். அதனைக் காக்க எடுக்கவேண்டிய முயற்சியோ எடுக்கப்படாமற் போகும்.

பாம்புகளின் பெயர்களில் இத்தகைய பிழை மனித உயிரையே வாங்கவல்லது. தமிழில் கண்ணாடி விரியன், சுருட்டை விரியன், கட்டுவிரியன் என மூன்று பெயர்கள் வழங்குகின்றன. மூன்றிலும் விரியன் என்ற சொல் இருப்பதால் மூன்றும் ஓரினம் என்று கற்றோரும் கருதுகின்றனர். முதலிரண்டும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவையே. அவற்றின் கடியால் கடுமையான வலியும் வீக்கமும் தோன்றும். இரத்தம் உறையும் தன்மை கெடும். கட்டுவிரியனோ நல்லபாம்பின் குடும்பத்தைச் சேர்ந்தது. அதன் நஞ்சு நரம்புகளைத் தாக்குவது. இரவில் தரையில் உறங்குவோரை அது கடிக்கும். பெரும்பாலும் வலி இராது, வீக்கமும் இராது, பல்லின் தடமும் தெரியாது. சில மணி நேரத்தில் இமை தாழ்ந்து, விழுங்க இயலாமல், மூச்சு நின்றுபோகும். 'விரியன் கடித்தால் வீங்கும்' என்று பள்ளியில் பொதுப்படக் கற்றவன், வீக்கம் காணாத நோயாளியைப் பார்த்து நஞ்சில்லை என்று துணிந்தால் விளைவு என்னவாகும் என்பதைச் சொல்லவேண்டியதில்லை.

மராத்தி மொழியில் இம்மூன்றிற்கும் முறையே கோணஸ், புர்சே, மண்யார் எனத் தொடர்பற்ற மூன்று பெயர்கள் உள்ளன. அம்மொழி பேசும் மாணவனுக்கு இக்குழப்பம் பெயரினால் எழுவதில்லை. மராத்தியிலிருந்து தமிழுக்கோ, தமிழிலிருந்து ஆங்கிலத்திற்கோ பாடம் பெயர்ப்போர் விரியன் என்ற ஒரே சொல்லை எல்லாவற்றிற்கும் வைப்பராயின், ஒரு மொழியில் இல்லாத குழப்பத்தை மற்றொரு மொழிக்கு ஏற்றுமதி செய்தவராவர். 2000 முதல் 2019 வரை இந்தியாவில் பாம்புக்கடியால் ஏறத்தாழ 12 லட்சம் பேர், அதாவது ஆண்டிற்குச் சராசரி 58,000 பேர், மாண்டனர் என ஓர் ஆராய்ச்சி மதிப்பிட்டுள்ளது. இறப்பைப் பாதியாகக் குறைக்கும் நோக்குடன் மத்திய அரசு 2024 இல் தேசியச் செயல்திட்டத்தை வெளியிட்டது. அத்திட்டம் கிராமத்தை அடையும்போது கிராமத்தின் சொல்லிலேயே பேசவேண்டும். எப்பாம்பு கடித்தது என்ற ஆராய்ச்சியில் காலம் கழிக்காமல், கடியுண்டவரை அசையாதிருக்கச் செய்து மருத்துவமனைக்கு உடனே கொண்டு செல்லவேண்டும் என்பதும், கட்டுப் போடுவதும் கீறுவதும் தீங்கு என்பதும் பெயர்ப் பாடத்தோடு சேர்த்துக் கற்பிக்கத் தக்கவை.

பெயர்களில் நுட்பமான அவதானமும் உண்டு, மூடநம்பிக்கையும் உண்டு. சுருட்டை என்பது, உடலைச் சுருட்டிச் செதில்களை உராய்ந்து ஒலியெழுப்பும் அப்பாம்பின் இயல்பைக் கண்டு இட்ட பெயர். கண்கொத்திப் பாம்பு என்பதோ, பச்சைப் பாம்பு கண்ணைக் கொத்தும் என்ற வீண் அச்சத்தால் எழுந்தது. அவ்வச்சம் விஞ்ஞானப் பெயருக்குள்ளும் புகுந்துவிட்டது: அஹேடுல்லா என்ற பேரினப் பெயர், கண்ணைக் கொத்துவது என்று பொருள்படும் சிங்களச் சொல்லின் திரிபு. இருதலைப் பாம்பு என்ற பெயரோ, மழுங்கிய வாலையுடைய, நஞ்சற்ற மண்ணுளிப் பாம்பைப் பணம் கொழிக்கும் அதிசயப் பொருளாகக் காட்டிக் கள்ள வாணிகத்திற்கு இரையாக்கிவிட்டது.

அங்ஙனமாயின், தவறான பெயர்களை விலக்கிவிட்டு நாடு முழுவதற்கும் ஒரே திட்டமான பெயர்ப் பட்டியலை வகுத்தால் என்ன என்று சிலர் வினவலாம். பாடநூல்களுக்கு அத்தகைய பட்டியல் தேவையே. ஆனால் அது களக்குறிப்பின் இடத்தைப் பிடித்துக்கொள்ளலாகாது. பாட்ரிக் ரஸ்ஸல் 1796 இல் சோழமண்டலக் கரைப் பாம்புகளைப் பற்றி நூல் வெளியிட்டபோது, மக்கள் வழங்கிய பெயர்களைத் தம் காதில் விழுந்தவாறு படங்களுடன் எழுதி வைத்தார். அதனாலேயே இரு நூற்றாண்டுகளுக்குப் பின்னரும் அவற்றை நாம் சரிபார்க்க முடிகிறது. விஞ்ஞானப் பெயர்களும் நிலையானவை அல்ல. நெடுங்காலம் ஒரே இனமாகக் கருதப்பட்ட ராஜநாகம் 2024 இல் நான்கு இனங்களாகப் பிரிக்கப்பட்டது. மேற்குத் தொடர்ச்சி மலையில் வாழும் இனத்திற்குக் கன்னட மக்கள் வழங்கும் 'காளிங்க' என்ற பெயரே விஞ்ஞானப் பெயராயிற்று. பழைய குறிப்புகளில் இடமும் மக்கள் பெயரும் எழுதப்பட்டிருந்தால், அவை எவ்வினத்தைக் குறித்தன என்று இன்று பிரித்தறியலாம். லத்தீன் பெயர் மட்டும் எழுதியவரின் குறிப்பில் அதற்கு வழியில்லை.

ஆகவே களப்பணியாளர்க்கு நாம் வேண்டுவன நான்கு. முதலாவது, சொன்னவர் சொன்ன பெயரை, அம்மொழியின் எழுத்திலேயே, திருத்தாமல் எழுதுக. இரண்டாவது, ஊரையும் மொழியையும் நாளையும் குறிக்க. மூன்றாவது, பெயரைச் சொல்லி 'உண்டா, இல்லையா?' என்று கேளாமல், உருவத்தையும் உணவையும் வாழிடத்தையும் மக்களே கூறுமாறு கேட்க. இயன்றவிடத்துப் படத்தைக் காட்டிக் கேட்க. நான்காவது, பிராணியை நேரிலோ தெளிவான நிழற்படத்திலோ கண்டாலன்றி விஞ்ஞானப் பெயருக்குரிய கட்டத்தை நிரப்பாதிருக்க. வெற்றிடம் பின்னர் நிரப்பப்படலாம். பிழையான பெயரோ ஏட்டிலிருந்து ஏட்டிற்குப் பரவும்.

ஆசிரியர்கள் இப்பணியில் செய்யத்தக்கது இன்னும் பெரிது. கழுகு, பருந்து, பாறு, விரியன் ஆகிய சொற்களைத் தம் வீட்டுப் பெரியோர் எப்பிராணிக்கு வழங்குகின்றனர் என்று மாணவர் கேட்டு வந்து வகுப்பில் ஒப்பிடட்டும். ஒரே ஊரில் இரு தெருக்களுக்கிடையேயும் வேறுபாடு இருக்கக்கூடும். அவ்வேறுபாட்டைக் கண்ட மாணவன், பெயர் வேறு பொருள் வேறு என்ற விஞ்ஞானத்தின் முதற்பாடத்தைத் தானே கற்றுக்கொள்கிறான். பாட்டி சொன்ன பெயர் பள்ளிக்கூடத்து ஏட்டில் மதிப்புடன் எழுதப்படுவதையும் அவன் காண்கிறான். அம்மதிப்பைப் பெற்ற கிராமமே, கட்டுவிரியனைப் பற்றி நாம் கூறுவதைக் காது கொடுத்துக் கேட்கும்.