வீடு தேடி வரும் மருத்துவம் ஈறையும் பார்க்கட்டும்

2021 ஆகஸ்டில் தொடங்கப்பட்ட ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம் சர்க்கரை நோய்க்கான மாத்திரைகளை வீட்டு வாசலுக்கே கொண்டுசேர்க்கிறது. அந்நோயைக் கட்டுக்குள் வைப்பதில் ஈறுகளுக்கும் பங்குண்டு என்பது இன்னும் அத்திட்டத்தின் அன்றாடப் பணியாகவில்லை.

35 ஆய்வுகளைத் தொகுத்து 2022இல் வெளியான காக்ரேன் மதிப்பாய்வின்படி, சர்க்கரை நோயாளிகளின் ஈறு நோய்க்குச் சிகிச்சையளித்தால், சராசரி ரத்தச் சர்க்கரையைக் காட்டும் எச்பிஏ1சி அளவு மூன்று, நான்கு மாதங்களில் 0.43 சதவீதப் புள்ளி குறைகிறது. அலட்சியப்படுத்தக்கூடிய பலனல்ல இது. செய்யப்படுவதோ பற்காரை நீக்கமும் ஈறுச் சுத்திகரிப்பும்தான்.

ஆம்பூர், வாணியம்பாடி பகுதியில் இது யாருக்குக் கிடைக்கும்? தோல் தொழிற்சாலைகளில் மாதம் ரூ.21,000 வரை ஊதியம் பெறுவோருக்கு இஎஸ்ஐ உண்டு. காலணியின் மேற்பகுதியை வீட்டிலிருந்தே ஜோடிக் கணக்கில் கூலிக்குத் தைக்கும் பெண்களோ பெரும்பாலும் அதற்கு வெளியே நிற்கிறார்கள். ஈறு சிகிச்சை பெரும்பாலும் ஒரே நாளில் முடிவதில்லை. மருத்துவமனைக்குச் செல்லும் ஒவ்வொரு முறையும் அன்றைய கூலியில் துண்டு விழும். வலி முற்றியபின் பல்லைப் பிடுங்கிக்கொண்டு தையலுக்குத் திரும்புவதே மலிவாகத் தோன்றுவதில் வியப்பில்லை.

ஈறில் ரத்தம் கசிகிறதா, பல் ஆடுகிறதா என்று மாத்திரை தரும் பணியாளர் கேட்டுக் குறித்துக்கொள்ளத் தனிக் கருவி எதுவும் வேண்டாம். அப்படிக் கண்டறியப்படுவோருக்காக, ஆரம்ப சுகாதார நிலையங்களில் வாரத்தில் ஒரு மாலையேனும் பல் மருத்துவர் இருக்க அரசு ஏற்பாடு செய்ய வேண்டும்.